அறுவை சிகிச்சைக்கு எட்டாத தைராய்டு கட்டி: கதிர்வீச்சுக்கு ஆயத்தமாவது எப்படி

தைராய்டில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும், "அது சாதுவான நோய்தான், கட்டியை எடுத்துவிட்டு அயோடின் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்ல யாராவது வந்துவிடுவார்கள். பாப்பிலரி, ஃபாலிகுலர் என்னும் இரண்டு பெரும் வகைகளுக்கு அந்த ஆறுதல் பெரும்பாலும் பொருந்தும். நூறு தைராய்டு புற்றுநோயாளிகளில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் அனாபிளாஸ்டிக் வகைக்கும், முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் மெடுல்லரி வகைக்கும் அது பொருந்தாது. அனாபிளாஸ்டிக் செல்கள் தைராய்டு செல்லுக்குரிய இயல்பை, அதாவது இரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சும் திறனை, இழந்துவிட்டவை. மெடுல்லரி புற்றுநோய் தோன்றும் சி செல்கள் என்னும் வேறு வகைத் தைராய்டு செல்களுக்கு அந்தத் திறன் தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஆகவே கதிரியக்க அயோடினை விழுங்கச் செய்யும் மருத்துவம் இந்த இரண்டிலும் பயன் தராது. கட்டி கழுத்துத் தமனியைச் சுற்றிக்கொண்டோ, மூச்சுக்குழாய்க்குள் நுழைந்தோ, முதுகெலும்பின் முன்புறத் தசையில் ஒட்டியோ இருந்தால் அறுவை சிகிச்சை நிபுணரும் கையை விரித்துவிடுவார். அப்போது எஞ்சுவது வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்வீச்சும், அதனுடன் சேரும் மருந்துகளும்தான்.

நம் ஊரில் இதைக் "கரன்ட் வைப்பது" என்பார்கள். இதில் மின்சாரம் உடலில் பாய்வதில்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் இயந்திரம் மின்சாரத்தைக் கொண்டு உருவாக்கும் வீரியமிக்க எக்ஸ் கதிர்களே கழுத்துக்குள் செல்கின்றன. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். நோயாளியின் உடலிலிருந்து எந்தக் கதிரும் வெளிவராது என்பதால், அவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், வீட்டாருடன் ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம். அயோடின் மருந்து உட்கொண்டவர்களைத் தனி அறையில் வைப்பதைப் பார்த்துவிட்டு, இவர்களையும் வீட்டில் ஒதுக்கி வைத்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தவறு இங்கே வேண்டாம்.

கதிர்வீச்சுத் துறையில், சிகிச்சையின்போது தலையும் கழுத்தும் அசையாமல் பிடிக்கும் முகக்கவசம் (மாஸ்க்) செய்யும் மேசையருகே பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே: இந்த நோயில் எதைச் செய்கிறோம் என்பதற்கு இணையாக எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். அனாபிளாஸ்டிக் கட்டி வாரத்துக்கு வாரம் அளவு மாறக்கூடியது. ஒரு பரிசோதனைக்கு முன்பதிவு, அதன் முடிவு வந்தபின் அடுத்ததற்கு முன்பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஒரு மாதம் ஓடிவிடும். ஒரே நேரத்தில் செய்யக்கூடியவற்றை ஒரே நேரத்தில் செய்துகொள்ள வேண்டும்.

முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை

மெல்லிய ஊசி குத்திச் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கதிர்வீச்சைத் தொடங்க விடாதீர்கள். சற்றுப் பருமனான ஊசியால் சதைத் துண்டு எடுக்கும் கோர் பயாப்சி வேண்டும். அந்தத் துண்டில், செல் எந்த வகை என்று காட்டும் இம்யூனோ சாயப் பரிசோதனையும் வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. வயதான ஒருவரின் கழுத்தில் சில வாரங்களில் மளமளவென்று வளரும் கட்டி, தைராய்டில் தோன்றிய லிம்போமாவாகவும், அதாவது நிணநீர்ச் செல்களின் புற்றுநோயாகவும், இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் லிம்போமா மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது. அதற்கான கதிர்வீச்சின் அளவும் குறைவு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதைவிடப் பெரிய இழப்பு இந்த நோயில் வேறில்லை.

அதே சதைத் துண்டில் பிராஃப் வி600இ என்னும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அனாபிளாஸ்டிக் நோயாளிகளில் கணிசமானோருக்கு இந்த மாற்றம் இருக்கும். இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்னும் இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 மே மாதத்தில் இந்த நோய்க்கு இவற்றை அனுமதித்தது. எடுக்க முடியாது என்று சொல்லப்பட்ட கட்டி இந்த மருந்துகளால் சுருங்கி, பின்னர் அறுவை சிகிச்சைக்கு உகந்ததாக மாறியதும் உண்டு. விரிவான மரபணுப் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஆனால் சாயப் பரிசோதனை வழியாகவே பிராஃப் மாற்றத்தைச் சில நாட்களில் அறிய முடியும் என்பதால் முதலில் அதைக் கேளுங்கள். நோயாளி இந்த மாத்திரைகளை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கதிர்வீச்சு மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தோலிலும் வாய்ப்புண்ணிலும் எதிர்வினை கடுமையாகும் என்பதால், கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் இவற்றை நிறுத்தி வைப்பது வழக்கம்.

மெடுல்லரி வகையாக இருந்தால் பார்க்க வேண்டியது ரெட் (RET) என்னும் மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்பது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மெடுல்லரி நோய் பரம்பரையாக வருவது. ஆகவே பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். கழுத்துக் கட்டியின் பரபரப்பில் எல்லோரும் மறந்துபோவது இதைத்தான். மெடுல்லரி நோய் மெதுவாகவே நகரும். ஆகவே அதில் யோசித்து முடிவெடுக்க நேரம் உண்டு. இனி நான் சொல்பவை பெரும்பாலும் அனாபிளாஸ்டிக் நோயை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன.

இந்த வாரத்திலேயே பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அந்த இடம் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் தேவை. அதற்காகக் கதிர்வீச்சைத் தள்ளிப்போட முடியுமா என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். கதிர் தாடை எலும்பு வரை செல்லாத திட்டமாக இருந்தால், பல்லுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றும் அவர்கள் சொல்லக்கூடும்.

எதற்காக, எத்தனை தவணை

கதிர்வீச்சின் அளவைக் கிரே என்னும் அலகில் சொல்வார்கள். மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணையில்?" என்பது. இந்த இரண்டு எண்களிலேயே சிகிச்சையின் நோக்கம் அடங்கியிருக்கிறது. நோய் கழுத்தோடு நின்றிருக்கிறது, உடம்பும் தாங்கும் என்றால் 60 முதல் 70 கிரே வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாளாக ஆறு ஏழு வாரங்கள் கொடுப்பார்கள். அதனுடன் பெரும்பாலும் பாக்லிடாக்செல் போன்ற ஒரு கீமோ மருந்தையும் வாராவாரம் ஏற்றுவார்கள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டது, படுக்கையைவிட்டு எழவே சிரமம் என்ற நிலையில் ஐந்து தவணையில் 20 கிரே, அல்லது பத்துத் தவணையில் 30 கிரே என்று சுருக்கிக்கொள்வார்கள். நாளுக்கு இரண்டு வேளை வீதம் இரண்டே நாளில் நான்கு தவணை கொடுத்து, மூன்று நான்கு வாரம் விட்டுப் பார்த்து, பயன் தெரிந்தால் மறுபடி கொடுக்கும் முறையும் உண்டு. மெடுல்லரி நோய் எலும்புக்குப் பரவி வலித்தால், அந்த எலும்புக்கு ஒரே தவணையில் 8 கிரே கொடுத்தே வலியைத் தணிக்க முடியும்.

குறைந்த தவணை என்றதும் "நம்மைக் கைவிட்டுவிட்டார்கள்" என்று நினைத்துவிடக் கூடாது. அனாபிளாஸ்டிக் நோயில், பழைய கணக்குகளின்படி, ஏறக்குறைய பாதிப் பேர் நோயைக் கண்டறிந்ததிலிருந்து ஐந்து மாதங்களைத் தாண்டவில்லை. பிராஃப் மருந்துகள் வந்தபின் சிலருக்கு இது மாறியிருக்கிறது. இருக்கும் நாட்களில் ஏழு வாரங்களை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவதிலேயே கழிப்பதா, ஒரு வாரத்தில் முடித்துக்கொண்டு வீட்டில் இருப்பதா என்பது நோயாளியின் விருப்பத்துக்கும் உரிய கேள்வி. நீண்ட சிகிச்சை எடுத்தாலும் குறுகிய சிகிச்சை எடுத்தாலும் இந்த நோயில் கதிர்வீச்சின் முதல் வேலை மூச்சுப் பாதையையும் விழுங்கும் பாதையையும் அடைபடாமல் காப்பதுதான். அதைக் குடும்பத்தார் அனைவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருந்தால், பின்னால் "ஏன் முழுசாகக் கரையவில்லை?" என்ற சண்டை வராது.

கட்டி முழுவதற்கும் ஏன் இன்னும் அதிகமாகக் கொடுக்கக் கூடாது என்று பலர் கேட்பார்கள். தைராய்டுக்குப் பின்னால் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால் உணவுக்குழாய், அதற்கும் பின்னால் சில சென்டிமீட்டர் தூரத்தில் தண்டுவடம். தண்டுவடத்துக்குப் போகும் அளவு 45 கிரேயை ஒட்டி நிற்க வேண்டும் என்பது நடைமுறை. வெகுவாகத் தாண்டினால் கைகால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் கதிரின் வடிவத்தையும் வீரியத்தையும் திசைக்குத் திசை மாற்றித் தண்டுவடத்தைத் தவிர்த்துப் போகும் ஐ.எம்.ஆர்.டி. முறை இந்த இடத்துக்குத் தேவைப்படுகிறது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பழைய கோபால்ட் இயந்திரம் மட்டுமே இருந்தால், சில தவணைகளில் முடியும் குறுகிய சிகிச்சைக்கு அது போதும். 60 கிரேக்கு மேல் திட்டமிடுவதாக இருந்தால் லீனியர் ஆக்சிலரேட்டர் உள்ள இடத்துக்கு அனுப்பும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. கதிர்வீச்சும் அதில் அடங்கும். முன் அனுமதி வாங்கவே சில நாட்கள் ஆகும் என்பதால், ஸ்கேன் எடுக்கும் அன்றே காப்பீட்டு மேசைக்கும் ஒருவரை அனுப்பிவிடுங்கள்.

மூச்சுக்கு முன்கூட்டியே ஏற்பாடு

கதிர்வீச்சு தொடங்கிய முதல் வாரத்தில் கட்டி சுருங்குவதற்கு முன் சற்று வீங்கக்கூடும். ஏற்கெனவே குறுகியிருக்கும் மூச்சுக்குழாய்க்கு அந்தச் சிறு வீக்கமே பெரும் ஆபத்து. ஆகவே தொடங்கும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்வழிக் கருவியால் குரல்நாண்கள் அசைகின்றனவா, பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பது, எல்லோருக்கும் முன்கூட்டியே செய்யப்படுவதில்லை. கட்டியே மூச்சுக்குழாயை மூடியிருக்கும் கழுத்தில் அது எளிய வேலையும் அன்று. இருந்தாலும், நள்ளிரவில் மூச்சு அடைத்தால் டியூப் வைக்கலாமா வேண்டாமா என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு, கோப்பில் எழுதி வைத்துவிட வேண்டும். அவசரப் பிரிவின் வாசலில் மூத்த மகனும் மருமகனும் அதைத் தீர்மானிக்க முயல்வதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள், நோயாளியின் விருப்பம் என்னவென்று இருவருக்குமே தெரியவில்லை.

டியூப் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தால் அது உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் உலோக டியூப் வைப்பது இன்றும் உண்டு. அது கதிரைச் சிதறடித்து அருகிலுள்ள தோலைப் புண்ணாக்கும், ஸ்கேன் படத்தையும் கோடு கோடாகக் கெடுக்கும். ஆகவே கதிர்வீச்சைத் திட்டமிடுவதற்காக எடுக்கும் திட்ட ஸ்கேனுக்கு முன்பே பிளாஸ்டிக் டியூப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு முறை மாஸ்க் செய்து முடித்த பிறகே உலோக டியூப் என்பதைக் கவனித்தோம்; டியூப்பை மாற்றி, புது மாஸ்க் செய்து, மறுபடி ஸ்கேன் எடுக்க நான்கு நாள் போயிற்று. அந்த நோயாளிக்கு அந்த நான்கு நாள் சின்ன விஷயமல்ல.

மாஸ்க் செய்யும் நாள்

திட்ட ஸ்கேனுக்கு வருவதற்கு முன் வீட்டில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். தலையணை இல்லாமல், கைகளைப் பக்கவாட்டில் வைத்து, இருபது நிமிடம் மல்லாந்து அசையாமல் படுக்க முடிகிறதா? முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, எச்சில் புரையேறுகிறது என்றால் அதை அன்று மேசையில் ஏறிய பிறகு சொல்லாமல், முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு, வலி மாத்திரை, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவது என ஏதாவது ஒரு வழி செய்ய அவகாசம் கிடைக்கும்.

தாடி வைத்திருப்பவர்கள் முந்தைய நாளே மழித்துக்கொண்டு, சிகிச்சை முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். பெண்கள் தலைமுடியைப் பின்னால் கொண்டையாகச் சுருட்டினால் மாஸ்க் சரியாக உட்காராது. தாழ்ந்த ஒற்றைச் சடையாகப் பின்னிப் பக்கவாட்டில் விடுவது நல்லது. கழுத்தில் எந்த உலோகமும் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லும்போது பல அம்மாக்கள் தயங்குவார்கள், சிலர் கண் கலங்குவார்கள். மேசையருகே வைத்து இதைத் திடீரென்று கேட்பதைவிட, வீட்டிலேயே பேசி மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வந்தால் அன்றைய பதற்றம் பாதியாகும். மாஸ்க் போடும் நேரத்தில் அந்தக் கயிற்றைக்கூடக் கழற்றிக் கையில் சுற்றிக்கொள்ளச் சொல்வோம்.

மாஸ்க் என்பது துளைகள் நிறைந்த ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தகடு. ஏறக்குறைய 70 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர்த் தொட்டியில் சில நிமிடம் போட்டால் அது நனைந்த துணிபோல் துவண்டுவிடும். எடுத்து, நீரை ஒற்றி, கை வைத்துச் சூட்டைச் சோதித்த பிறகே முகத்தின்மேல் விரிப்போம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டாற்போல் இருக்கும். மூக்கின் பாலம், தாடை, தோள் ஆகியவற்றின் வடிவம் வரும்படி இரண்டு பேர் விரலால் அழுத்திக்கொண்டே இருப்பார்கள். பத்து நிமிடத்தில் ஆறி இறுகிவிடும். மூச்சு விடத் துளைகள் உண்டு; டியூப் இருந்தால் அந்த இடத்தை வெட்டித் திறந்துவிடுவோம். பேச முடியாது என்பதால், கையை உயர்த்தினால் உடனே கழற்றுவோம் என்று சொல்லி வைப்போம். சிகிச்சை அறையில் கேமரா உண்டு, ஒலிவாங்கி உண்டு. வெளியே ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அன்றே மாஸ்க்குடன் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். அதைக் கொண்டு திட்டம் போட்டுச் சரிபார்க்கச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கட்டி பெரிதாகி, மாஸ்க் இறுக்கமாகிவிடலாம். பின்னர் உடல் மெலிந்தோ கட்டி சுருங்கியோ தளர்ந்தும் போகலாம். "நேற்றைவிட இறுக்கமாக இருக்கிறது", "உள்ளே தலை ஆடுகிறது" என்று நோயாளி சொன்னால் அதை முணுமுணுப்பு என்று தள்ளிவிடாமல் தொழில்நுட்பப் பணியாளரிடம் தெரிவியுங்கள். மறு ஸ்கேன், மறு திட்டம் தேவைப்படுவதன் முதல் அறிகுறி பல நேரம் அதுதான்.

தவணை நடக்கும் வாரங்கள்

மேசையில் பத்துப் பதினைந்து நிமிடம். அதில் கதிர் பாய்வது சில நிமிடம்தான். எதுவும் தெரியாது, வலிக்காது. தவணைகளை விட்டுவிடாமல் வருவதுதான் வீட்டாரின் முதல் பொறுப்பு, ஏனென்றால் இடைவெளி விழும்போதெல்லாம் புற்றுச் செல்கள் பெருகிக்கொள்ளும். பொங்கல், தீபாவளி விடுமுறை குறுக்கே வந்தால், விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று முன்னதாகக் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு தவணை என்றால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விட வேண்டும்.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தொண்டையில் புண் வரும், விழுங்கினால் எரியும், குரல் கரகரக்கும். எடை குறையத் தொடங்கும் முன்பே உணவு செலுத்தும் டியூப் பற்றிப் பேசிவிட வேண்டும்; வயிற்றில் நேரடியாக வைக்கும் பெக் டியூப்பானாலும் மூக்கு வழிக் குழாயானாலும் அது தோல்வியின் அடையாளமன்று. வாயால் சாப்பிட முடிகிறவரை, கொஞ்சமாவது விழுங்கிக்கொண்டே இருக்கட்டும். விழுங்கும் தசைகள் வேலையை மறக்காமல் இருக்கும். குரல்நாண் செயலிழந்தவருக்குத் தண்ணீரும் காப்பியும்தான் புரையேறும், கெட்டியான கூழ் இறங்கிவிடும். ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி, ஆறிய சத்துமாவுக் கஞ்சி, ராகிக் கூழ், நன்றாகக் குழைத்து மசித்த பருப்புச் சாதத்தில் நெய், அரைவேக்காட்டில் விடாமல் முழுதாக வேகவைத்து மசித்த முட்டை என்று சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஊறுகாய், மிளகு ரசம், எலுமிச்சை வேண்டாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து, நாளுக்கு ஐந்தாறு முறை வாய் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள்.

கழுத்துத் தோல் கருக்கும், பிறகு உரியும். அங்கே மஞ்சள், சந்தனம், விபூதி, தைலம், பவுடர் எதுவும் பூச வேண்டாம். மருத்துவர் சொல்லும் களிம்பை மட்டும், அவர் சொல்லும் நேரத்தில் தடவுங்கள். காலர் இல்லாத பருத்திச் சட்டை போதும். வெயிலில் போகும்போது மெல்லிய துண்டைப் போர்த்திக்கொள்ளட்டும்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். உரிய அளவில், உரிய நேரத்தில் கொடுத்தால் விழுங்கவும் தூங்கவும் வழி செய்வது அதுதான். அதனுடன் மலச்சிக்கலுக்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். வலி நிவாரணப் பிரிவை முதல் வாரத்திலேயே சந்தித்துவிடுவது நல்லது.

மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவது, சொந்த எச்சிலையே விழுங்க முடியாமை, இருமலிலோ டியூப்பிலோ சிவந்த இரத்தம், மருந்து ஏற்றும் நாட்களில் 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் தவணை வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டி பெரிய இரத்தக் குழாயை அரித்திருக்கிறது என்று மருத்துவர் எச்சரித்திருந்தால், அடர்நிறத் துண்டுகள் இரண்டு மூன்றைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் இரத்தம் பரவுவதைக் காண்பது நோயாளிக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் தாங்க முடியாத அச்சத்தைத் தரும்.

கடைசித் தவணைக்குப் பின்

கடைசித் தவணை முடிந்த அன்றே எல்லாம் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தொண்டைப் புண்ணும் தோல் உரிதலும் அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில்தான் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல ஆறும். ஆகவே உணவு செலுத்தும் டியூப்பைக் கழற்றச் சொல்லி அவசரப்படாதீர்கள். பலன் பார்க்கும் ஸ்கேனைச் சில வாரங்கள் கழித்தே எடுப்பார்கள். கதிர்வீச்சால் ஏற்பட்ட வீக்கமே அதற்கு முன் நோயைப்போலத் தெரியக்கூடும்.

எஞ்சியிருந்த தைராய்டும் கதிரில் செயலிழக்கும் என்பதால், தைராய்டு சுரப்பு போதுமா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையைக் குறித்த இடைவெளியில் செய்துகொண்டு வர வேண்டும். அந்தச் சுரப்புக்கு ஈடாகத் தரும் தைராக்சின் மாத்திரையைக் குழாய் வழியாகக் கொடுப்பதானால், பொடித்துத் தண்ணீரில் கலந்து, முந்தைய கஞ்சிக்கும் அடுத்த கஞ்சிக்கும் நடுவே வயிறு வெறுமையாக இருக்கும்போது கொடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்.